மெட்டி விரல்

என் மனைவியின் இடது காலில் நாலு விரல். வலது கையிலும் நாலு விரல். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் கொஞ்ச காலம் இடம் மாறி இருந்தது. அந்த விரலைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம், குத்தாலத்துக்குத் தெற்கே. குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டு மாடு. நான் வயலைப் பார்ப்பேன், அவள் மாட்டைப் பார்ப்பாள். நடவு நாளில் ஊர்ப் பெண்களோடு நடவுக்கும் போவாள். இப்போது நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. ஆனால் மெஷின் இறங்கினால் புதைந்துபோகிற பள்ள வயல்கள் எங்கள் பக்கம் நிறைய. அதற்கு ஆள்தான் வேண்டும். அவள் கை நடவுக்குப் பேர்போன கை. அவள் ஊன்றிய நாற்று மிதக்காது.

மாட்டுக்குப் புல் நறுக்கக் கரண்டு மெஷின் ஒன்று வைத்திருந்தோம். ஒரு காலையில் தீவனப்புல்லை உள்ளே தள்ளினாள். மெஷின் புல்லோடு கையையும் இழுத்தது. மற்ற நாலு விரலும் தப்பின. கட்டைவிரல் தப்பவில்லை. வெட்டுப்பட்ட விரலை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடு என்று சொல்வார்கள். எடுத்துக்கொண்டு ஓட ஒன்றும் இல்லை. புல்லோடு புல்லாகப் போயிருந்தது. அந்தப் புல்லை மாட்டுக்குப் போட மனசு வரவில்லை. வாழைக்கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன்.

புண் ஆறியது. அதன் பிறகுதான் கட்டைவிரல் என்பது என்னவென்று தெரிந்தது.

நான்கு விரலால் சோற்றைப் பிசையலாம். அள்ளலாம். வாய்க்குள் தள்ள முடியாது. தள்ளுவது கட்டைவிரல். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. அவள் வாய்க்குக் கொண்டுபோன சோறு பாதி மடியில் விழும். பிறகு கரண்டியால் தின்னப் பழகினாள். இடது கையால் கரண்டி. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள்.

"ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிற?"

"ரசஞ்சோத்தைக் கரண்டியில திங்கிறத நீங்க வேற பாக்கணுமா?"

நடவும் அப்படித்தான். இடது கையில் நாற்று முடி. வலது கைக் கட்டைவிரல் அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரிக்கும். அதே விரல்தான் சேற்றில் ஊன்றும். அது இல்லாதவளுக்கு வயலில் வேலை இல்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவளே போகவில்லை.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில்தான் புண்ணுக்கு வைத்தியம் பார்த்தோம். கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டரம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயசு. மெதுவாகப் பேசுகிறவர்.

"கால் விரல எடுத்துக் கையில வச்சுத் தரலாம். கட்டைவிரலா வேலை செய்யும்" என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் மனைவி நினைக்கவில்லை.

"எந்த விரல் டாக்டரம்மா?"

"பெருவிரலுக்கு அடுத்த விரல். அது இல்லாட்டி நடக்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"அது மெட்டி விரலாச்சே."

"மெட்டிய அடுத்த விரல்ல போட்டுக்கலாமே."

எனக்கு ஒன்று தோன்றியது. சொன்னேன். "என் கால்ல எடுத்துக்குங்க. எனக்கு மெட்டி கிடையாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க விரலு அவங்க உடம்புல ஒட்டாதுங்க. உடம்பு ஏத்துக்காது."

"பின்ன என்ன புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிறோம்" என்றாள் அவள். விரல் போனதிலிருந்து அவள் கேலி பேசிக் கேட்டது அன்றுதான்.

டாக்டரம்மா மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். முடியைவிடச் சன்னமான நூலால் ரத்தக் குழாயைத் தைக்க வேண்டும். தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் விரல் கருத்துவிடும். "அப்படி ஆச்சுன்னா கையிலயும் இருக்காது, கால்லயும் இருக்காது. வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஆடுதுறை தாண்டியதும் சொன்னாள்.

"கையால சாப்புடணுங்க. அவ்வளவுதான்."

"சரி" என்றேன்.

அவளுக்கு ஒரு அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் புருஷன் செத்து வெகு காலம் ஆகிறது. காரியத்தன்று பெண்கள் கூடி அவர்கள் கால் மெட்டியைக் கழற்றினார்கள். மெட்டி இருந்த இடம் இன்றைக்கும் அந்த விரலில் வரி விழுந்து ஒடுங்கியிருக்கும். அந்தத் தடம் அழியவில்லை.

செய்தி கேட்டு அண்ணி வந்தார்கள். என் மனைவியிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினார்கள்.

"தம்பி, மெட்டிய எப்பக் கழட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"நீங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில இவ கழட்டப் போறாளா?"

"ஆபரேஷனுக்குக்கா" என்றாள் மனைவி. "நகை எதுவும் இருக்கக் கூடாதாம்."

"கழட்டுனா திரும்பப் போட வெரலு வேணுமில்ல? ஒத்தக் கால் மெட்டி குடும்பத்துக்கு ஆகாதுடி."

"ஏக்கா, மெட்டி போட்டுத்தானா இவரு உசுரோட இருக்காரு? மூணு வேளையும் நான் ஆக்கிப் போட்டுல்ல இருக்காரு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வாரம் வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று உருவம் விற்பார்கள். எந்த உறுப்புக்கு வேண்டுதலோ அதை வாங்கிச் செலுத்தலாம். அண்ணி கை ஒன்றும் கால் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"மாதாவுக்குக் கொழப்பம் வந்துடக் கூடாதுல்ல தம்பி."

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் சோப்பு போட்டு இரண்டு மெட்டியையும் கழற்றினார். கல்யாணத்தன்று அம்மிக்கல்லில் அவள் காலை வைத்து நான் போட்டது. அதன் பிறகு கழற்றியதே இல்லை. மெட்டி இருந்த இடத்தில் விரலைச் சுற்றிப் பள்ளம். அண்ணி கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

காலையில் உள்ளே போனவள் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கையில் பெரிய கட்டு. கட்டின் நுனியில் ஒரு விரல் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. கால் விரல் நகம். மேலே மஞ்சள் தேய்த்த நிறம் இன்னும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வார்டில் ஃபேன் போடமாட்டார்கள். குளிர் ஆகாது. காபி, டீ ஆகாது. பக்கத்தில் நின்று எவனும் பீடி பிடிக்கக் கூடாது. ரத்தக் குழாய் சுருங்கிவிடுமாம். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து விரல் நுனியை அமுக்கிப் பார்ப்பார். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

"அமுக்குனா வெளுக்கணும். விட்டா சிவக்கணும். சிவந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

நானும் அமுக்கிப் பார்த்தேன். வெளுத்தது. சிவந்தது. பயிர் பச்சை பிடித்ததைப் பார்த்தது போல இருந்தது.

ரெண்டாம் நாள் விரல் நீலம் பாய்ந்தது. உள்ளே போகிற ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. நாங்கள் வடிகால் அடைத்த வயலைப் பார்த்திருக்கிறோம். சொன்னதும் புரிந்துவிட்டது. அட்டை விட்டு அந்த ரத்தத்தை எடுக்க வேண்டும் என்றார். வைத்தியத்துக்கென்று வளர்த்த அட்டையாம். கண்ணாடிச் சீசாவில் கொண்டுவந்தார்கள்.

என் மனைவி அதைப் பார்த்தாள். "நடவு வயல்ல காலப் புடிச்சா உப்பப் போட்டு உரிச்சு எறிவோம். இங்க சீசாவுல வச்சு மரியாதை பண்றீங்க."

"உங்க விரல இதுதாங்க காப்பாத்தப் போவுது" என்றார் டாக்டரம்மா.

"காப்பாத்துச்சுன்னா இனிமே வயல்ல உப்பு போடமாட்டேன். சாமி சத்தியம்."

காப்பாற்றியது. நீலம் வடிந்தது. சிவப்பு வந்தது. அட்டை குடித்துவிட்டு விழுந்து கிடந்தது. அதைக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். விரல் பிடித்துவிட்டது. ஆனால் உணர்ச்சி வரப் பல மாசம் ஆகும். அதுவரை அந்த விரலுக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது. அடுப்பு ஜாக்கிரதை. கையைத் தொங்கப் போட்டால் வீங்கும். தூக்கியே வைத்திருக்க வேண்டும். "ரப்பர் பேண்டு, மோதிரம், இறுக்கமான கட்டு, எதுவும் அந்த விரல்ல இருக்கக் கூடாது" என்றார்.

எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

பார்க்க அழகான விரல் இல்லை. ஒல்லியாக, நுனி மட்டும் உருண்டை. ஊரில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினை நீட்டி, "அந்த விரல வையுங்க பாப்போம், கவர்மெண்டு ஏத்துக்குதான்னு" என்றார்.

"கால வச்சேன்னு கேஸ் போட்டுடுவீங்க" என்றாள். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

தினம் புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஒன்றுகூட நிற்காது. நழுவி ஓடும். அவள் விடமாட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் கொட்டை கிண்ணத்தில் விழும் சத்தம்தான். பிறகு நின்றது. பிறகு சரசரவென்று விழ ஆரம்பித்தது.

ஒரு நாள் மத்தியானம் வயலிலிருந்து வந்தேன். தட்டில் ரசஞ்சோறு. கரண்டி இல்லை. சுவரைப் பார்த்து உட்காரவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

பிசைந்தாள். அள்ளினாள். வாய்க்குக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் தள்ளினாள். ஒரு பருக்கை கீழே விழவில்லை. மென்று முழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கால் வெரலால சாப்புடறேன். எங்கம்மா இருந்தா வெளக்கமாத்தாலயே அடிச்சிருக்கும்."

"ருசி எப்படி?"

"ரசத்துல உப்பு கம்மி."

உப்பு எடுத்துவந்து வைத்தேன்.

வலது கால் மெட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே போட்டுக்கொண்டாள். இடது கால் மெட்டியை மூன்றாவது விரலில் போட்டுப் பார்த்தாள். தைத்த தழும்பில் உரசியது. புண் வந்தது. கழற்றி அக்காவிடமே கொடுத்துவைத்தாள். அண்ணி வரும்போதெல்லாம் முதலில் அந்தக் காலைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள்.

ஆடிப்பெருக்கு வந்தது. அந்த வருஷம் ஆற்றில் இரு கரையும் தண்ணீர். எங்கள் வாய்க்காலுக்கு அன்றுதான் முறைத் தண்ணீர். விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். நான் விடிவதற்கு முன்னாலேயே மண்வெட்டியோடு போய்விட்டேன். மடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சோறுகூடப் பக்கத்து வயல்காரர் கொடுத்ததுதான்.

வீட்டில் நடந்தது பிற்பாடு அவள் சொல்லித் தெரியும்.

ஊர்ப் பெண்கள் ஆற்றுக்குப் போவார்கள். மஞ்சள் வைத்துக் கும்பிட்டுத் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அண்ணி அதற்குப் போவதில்லை. புருஷன் இல்லாதவர்கள் போவதில்லை. ஆனால் அவள் கிளம்புமுன் அண்ணி வந்திருக்கிறார்கள். மெட்டியைப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

"ஆத்தங்கரையில ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் காலப் பாப்பாளுங்கடி. நல்ல நாளு. ஒத்தக் கால் மெட்டியோட போவாத."

"அந்த விரல்ல போட்டா புண்ணாவுதுக்கா."

"அந்த வெரல்ல யாரு போடச் சொன்னா? மெட்டி வெரலு உன் கையிலதானடி இருக்கு. எடம் மாறுனா மொறை மாறிடுமா?"

அவள் விரலைப் பார்த்திருக்கிறாள். மெட்டி கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. கையில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தத் தடம் போகவில்லை.

"டாக்டரம்மா மோதிரம் போடக் கூடாதுன்னாங்க."

"மெட்டி மோதிரமா? அது பொறந்த எடத்துக்குப் போவுது. இந்தா, நீயே போட்டுக்க. நான் போடக் கூடாது."

அவளே போட்டுக்கொண்டாள். கால் மெட்டி வாய் திறந்த வெள்ளிச் சுற்று. நழுவாமல் இருக்கப் பல்லால் கடித்து நெருக்கினாள். பள்ளத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொண்டதாம். அண்ணி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம்.

ஆற்றுக்குப் போனாள். படியில் குளிர்ந்த தண்ணீரில் முங்கினாள். கையைத் தொங்கப் போட்டுக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். சித்ரான்னம் கிளறினாள். மாடு பார்த்தாள். அன்று பூராவும் கை கீழேதான் இருந்திருக்கிறது. நல்ல நாளில் யார் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? விரல் வீங்கியிருக்கிறது. வெள்ளி விரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. விரலில்தான் வலியே கிடையாதே.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தேன். புதுத் தாலிக்கயிறு மஞ்சளாக, தலை நிறையப் பூ. வெகு நாளைக்கு அப்புறம் அவளை அப்படிப் பார்த்தேன்.

"ஏங்க, இங்க ஒரு வேடிக்கை பாருங்க" என்று கையை நீட்டினாள்.

விரல் கருநீலமாக இருந்தது. கண்மை பட்டிருக்கும் என்று நினைத்தேன். துண்டால் துடைத்தேன். போகவில்லை.

நுனியை அமுக்கினேன். வெளுக்கவில்லை. விட்டேன். சிவக்கவில்லை.

திரும்ப அமுக்கினேன்.

"வலிக்குதா?"

"அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எண்ணெய் போட்டோம். சோப்பு போட்டோம். மெட்டி சதைக்குள் இறங்கிக் கிடந்தது. பைக்கில் மயிலாடுதுறைக்கு ஓடினோம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். வெட்டின இரண்டு துண்டையும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். அங்கிருந்து வண்டி பிடித்துத் தஞ்சாவூர்.

பழைய வார்டுதான். பழைய நர்ஸ்தான். எங்களைப் பார்த்ததும், "செக்கப்புக்கா வந்தீங்க, நாள் இருக்கே" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கையைப் பார்த்ததும் பேச்சை விட்டார்.

உள்ளே கொண்டுபோய்க் குழாயைத் திறந்து அடைப்பு எடுத்துப் பார்த்தார்கள். மெட்டி இருந்த இடத்துக்குக் கீழே சிவப்பு வந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. மேலே வரவில்லை. ஒரு நாள் பார்ப்போம் என்றார்கள். இன்னொரு நாள் பார்ப்போம் என்றார்கள். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தச் சிவப்பு பள்ளத்தைத் தாண்டவே இல்லை. வரப்பு போட்ட மாதிரி அங்கேயே நின்றது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"நான்தாம்மா சொன்னேன்" என்றார்கள் அண்ணி. செய்தி கேட்டு வந்து வாசலோரம் நின்றிருந்தார்கள். உள்ளே வரவில்லை. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். என் வெரல எடுத்து வையுங்க. எனக்கு அது எதுக்கு? வெறும் வெரலுதானே."

ஒட்டாது என்று அண்ணிக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

டாக்டரம்மா குனிந்து தரையைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தேன். அவர் செருப்புக்குள்ளும் மெட்டி இருந்தது.

"மோதிரம் போடாதீங்கன்னு சொன்னேன். மெட்டின்னு எனக்குத் தோணல" என்றார்.

விரல் காய்ந்து கருத்து வற்றலாட்டம் ஆனது. பிறகு எடுத்தார்கள். எடுத்ததைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். முதல் விரலை வாழைக்கொல்லையில் புதைத்தேன், இதையும் அங்கேயே வைக்கலாம் என்று. அப்படிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, இங்கேயே எரித்துவிடுவோம் என்றார்கள். சரி என்றேன்.

கடைசி நாள் டாக்டரம்மா சொன்னார். "வலது கால்ல அதே விரல் இருக்கு. கை ஆறட்டும். வேணும்னா இன்னொரு தடவை பண்ணலாம். நான் பண்றேன்."

என் மனைவி உடனே பதில் சொன்னாள். யோசிக்கவே இல்லை.

"அது அங்கயே இருக்கட்டும் டாக்டரம்மா."

"இப்பவே சொல்ல வேண்டாம்."

"இல்லங்க. அதுல மெட்டி இருக்கு."

பண்ணிக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கால். அவள் கை.

வீட்டுக்கு வந்து கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். ஆனால் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. அப்படியே என் எதிரில் உட்கார்ந்து கரண்டியால் தின்றாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திரும்பி உட்கார்ந்தால் வெட்கம் இருக்கிறது என்று அர்த்தம். வெட்கம் இருந்தால் ஆசையும் இருக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். என் மனைவிதான் போவாள். முதல் தடவை போனபோது அண்ணி கதவைத் திறக்கவில்லையாம். இவள் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள்.

"ஏக்கா, இட்லிக்கு அரைக்கணும், என் கை ஒழுங்கா இருந்தா உன்ன வந்து கெஞ்சுவேனா? வந்து மாவ வழிச்சுக் குடு."

அண்ணி வந்து வழித்துக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே வழித்தார்களாம். "மாவுல உப்பு கூடிடும், அழுவாத" என்றாளாம் இவள்.

வெட்டிய மெட்டித் துண்டு இரண்டும் அரிசிப் பானையில் கிடக்கிறது. ஆசாரியிடம் கொடுத்து ஒட்டலாம் என்றேன். எதற்கு என்றாள்.

சம்பா நடவு வந்தது. எங்கள் பள்ள வயலுக்கு ஆள் இறங்கியது. நானே எதிர்பார்க்கவில்லை, அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் இடம் விட்டார்கள். நாற்று முடியை வலது கை விரல்களுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு இடது கையால் நட்டாள். மெதுவாகத்தான் வந்தது. நடவில் ஒரு ஆள் பின்தங்கினால் வரிசை கோணும். ஆனால் வரிசை கோணவில்லை. நான் நாற்று வீசிக்கொண்டே பார்த்தேன். இடப்பக்கத்துப் பெண் தன் பங்குக்கு மேல் ஒரு பிடி எட்டி நட்டாள். வலப்பக்கத்துப் பெண்ணும் அப்படியே. அவள் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நடுவில் ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் இருந்தது. பேச்சும் கேலியும் எப்போதும் போல நடந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அப்படியே நட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "எனக்கு மாடு பாக்கணும்டி" என்று சொல்லிவிட்டுக் கரை ஏறினாள். யாரும் இரு என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் நெருங்கி இடத்தை மூடிக்கொண்டார்கள்.

நானும் அவள் பின்னால் போனேன். வாய்க்காலில் கை கால் கழுவினாள். கெண்டைக்காலில் ஒரு அட்டை. நான் குனிந்தேன்.

"உப்பு வேணாங்க" என்றாள். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அந்த வெரலுதான் இல்லையே இப்ப."

"அன்னைக்குக் காப்பாத்துச்சுல்ல."

அது குடித்து முடிக்கட்டும் என்று கரையில் உட்கார்ந்தோம். குடித்துவிட்டுத் தானே விழுந்தது. காலில் ரத்தம் கோடாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"ஏங்க, அன்னைக்கு ரசஞ்சோறு நல்லா இருந்துச்சு."

"உப்பு கம்மின்ன."

"சும்மா சொன்னேன்."

எழுந்து முன்னால் நடந்தாள். புதிதாக அணைத்த வரப்பு. சேறு காயவில்லை. அவள் கால் பதிந்துகொண்டே போனது. வலது காலில் ஐந்து விரல். இடது காலில் பெருவிரல், ஒரு இடைவெளி, மூன்று விரல். வீடு வரைக்கும் அப்படியே. அந்தத் தடத்தின் மேல் கால் வைக்காமல் வரப்போரம் ஒதுங்கி ஒதுங்கி நடந்து போனேன்.